கன்செஷன் தராத மகளுக்கு

பவி,

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "நக்கோம்மா, வேணாம், விட்டுடு" என்று சொல்லி, அப்பா மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டு வேறு பக்கம் திருப்பிவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு மஞ்சள் மூஞ்சியைப் பதிலாகத் தட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறாய். இதில் அது நடக்காது. ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று படித்தாக வேண்டும், படித்து முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது. இப்படி ஒரு வசதி எனக்கு உன் சின்ன வயதில்கூடக் கிடைத்ததில்லை.

அடுத்த மாதம் வேலையை மாற்றிக்கொண்டு ஹைதராபாத்துக்கே வருகிறாய். எங்கள் இருவருக்கும் அதில் எவ்வளவு சந்தோஷம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனால் போன வாரம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். அமெரிக்காவில் வாங்கிய விமானம் ஓட்டும் லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ளப் போவதில்லை, பறப்பதெல்லாம் அத்தோடு முடிந்தது என்று. ஏன் என்று கேட்டேன். நேரம் இல்லை என்றாய். உனக்குப் பொய் சொல்ல வராது பவி, அந்த விஷயத்தில் நீ உன் அப்பா மாதிரி. காரணம் எனக்குத் தெரியும். அந்த அரிசோனா காலைதான் காரணம். அன்றைக்கு நடந்ததில் நீ அறியாத ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போனால் உனக்குப் புரியாது. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. குஷாய்குடாவில் நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தப் பெரிய அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. நான் பரிசோதனைப் பிரிவு, உன் அப்பா சரக்கு அனுப்பும் பிரிவு. ஒரே கேட், ஒரே கேன்டீன், ஆனால் எங்கள் இரண்டு பிரிவுக்கும் ஆகவே ஆகாது. வருடம் முழுக்க அசைந்து அசைந்து நடக்கிற உற்பத்தி, மார்ச் வந்ததும் ஓட ஆரம்பிக்கும். அந்த மாதக் கடைசிக்குள் லாரி ஏறிய சரக்குதான் அந்த வருடக் கணக்கில் சேரும். அப்போதுதான் எங்கள் மேஜைக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள், கன்செஷன் கேட்டு. சரக்கில் சின்னக் குறை இருக்கிறது, இருந்தாலும் வேலைக்கு ஆகும், போகட்டும் என்று பரிசோதகர் ஒரு கையெழுத்துப் போடுவதற்குப் பெயர் கன்செஷன். விதியிலேயே அதற்கு இடம் உண்டு, திருட்டு வேலை ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் பெரிய குறையாக இருந்ததெல்லாம் மார்ச்சில் சின்னக் குறையாகிவிடும், அதுதான் சங்கடம்.

ஒரு மார்ச்சில் நாச்சாரத்துப் பட்டறை ஒன்றிலிருந்து மின்சுருள்கள் வந்திருந்தன. சூட்டுப் பெட்டியில் வைத்து ஓடவிட்டுப் பார்த்தபோது சில சுருள்கள் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாயின. கொஞ்சம்தான். நான் மொத்தத்தையும் நிறுத்திவைத்தேன். லாரி வந்து வாசலில் நிற்கிறது, டிரைவர் பீடி குடித்துக்கொண்டு இருக்கிறார், கன்செஷன் கேட்டு வந்தவர் யார் தெரியுமா? உன் அப்பா. கல்யாணமாகி, நீ பிறந்து, நடக்கவும் ஆரம்பித்திருந்தாய். ஆபீஸில் என்னை எல்லாரையும் போல அவரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். "மேடம், ஒரு கையெழுத்து" என்று நின்றார். முடியாது என்றேன். லாரி காலியாகத் திரும்பிப் போனது. அந்த வாரம் முழுக்க வீட்டிலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். "மேடம், ரசம்." "மேடம், குழந்தை அழுகிறது." நீயும் அதைக் கேட்டுக் கேட்டு என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாய், அதை மறக்கடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சுருள்கள் போயிருந்தால் எங்காவது எரிந்திருக்குமா? தெரியாது. அவை போகவே இல்லையே. வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு உள்ள கஷ்டம் இதுதான் பவி. சரி என்று சொன்னவர் தப்பாகச் சொல்லியிருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொன்னவள் சரியாகத்தான் சொன்னாளா என்பது அவளுக்கே கடைசிவரை தெரியாது. ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் அந்தச் சந்தேகத்தோடுதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

நீ சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் பழைய ஸ்கூட்டியை மாற்றுவாய் என்று பார்த்தேன். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாய். வேலைக்காகக் கூட இல்லை, சொந்த ஆசைக்கு. "கைக்குடி, எதுக்குடி உனக்கு இந்த வம்பு?" என்று நான் கத்த, அப்பா பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்காமல் "ஹவ், சரி, போகட்டும்" என்றார். நகரத்துக்கு வெளியே அந்தப் பள்ளியில் சேர்ந்தாய். காலையில் இருட்டோடு கிளம்பிப் போவாய். மேகம் விலகக் காத்திருப்பு, பட்டறையில் இருக்கிற விமானம் வரக் காத்திருப்பு, அனுமதிக்குக் காத்திருப்பு, எல்லாம் முடிந்து அரை மணி நேரம் பறந்துவிட்டு வெயிலில் கறுத்து வருவாய். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற உன் மாஸ்டருக்கு எல்லாம் மனப்பாடமாக வர வேண்டும். அதற்கு நான்தான் துணை. தோசைக் கரண்டியோடு நின்று "இன்ஜின் நின்னா?" என்று கேட்பேன். "மூக்கைத் தாழ்த்து, வேகத்தைப் பிடி, இறங்க இடம் பாரு" என்று ராகம் போட்டுச் சொல்வாய். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டும் என்பது நம் சட்டம். நீ தனியாக விமானத்தை எடுக்கும் நாள் நெருங்கியபோது கம்பெனி உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது.

அங்கே போயும் விடவில்லை. இங்கே பறந்ததை அங்கிருந்த பள்ளி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள் என்றாய். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர்ப் படிப்பு என்ன மட்டமா? வாழ்நாள் முழுக்கத் தரம் பார்த்தவள் ஆயிற்றே, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எந்த நாட்டில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் குறைந்தது நாற்பது மணி நேரம் பறந்தால் போதும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நாற்பத்தைந்து. அமெரிக்காவில் எழுத்துப் பரீட்சை ஒரே ஒரு தாள், அதுவும் சரியான விடையைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி. ஐரோப்பாவில் ஒன்பது பாடம். கனடாவில் விமானத்தைச் சுழன்று விழவிட்டு மீட்கவும் பழக்குகிறார்களாம். அமெரிக்காவில் இரவில் பறப்பதும் பாடத்திலேயே வந்துவிடுகிறது, ஐரோப்பாவில் அதைத் தனியாகக் கற்க வேண்டும். இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பது பாடம் எழுத வைக்கிறவர்கள் மேல் எனக்கு ஒரேயடியாக மரியாதை வந்துவிட்டது. ஒரே தாளில் லைசென்ஸ் கொடுக்கிற நாட்டில் போய்ச் சிக்கிக்கொண்டாளே என்று அப்பாவிடம் புலம்பினேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நீ பொறுமையாக எனக்கு விளக்கினாய். தாள் ஒன்றுதான், ஆனால் அதற்குப் பிறகு பரீட்சகர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, இப்படி ஆனால் என்ன செய்வாய், அப்படி ஆனால் என்ன செய்வாய் என்று மணிக்கணக்காகக் கேட்பார், அதில் தொட்டுக் காட்ட விடைகள் கிடையாது என்றாய். அங்கே உன் ஆசிரியை, நன்றாகத் தெரிந்த வேலையானாலும் பட்டியல் அட்டையைக் கையில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் செய்ய வேண்டும் என்பாராம். மனப்பாடம் செய்தவர்கள்தான் ஒரு வரியை விட்டுவிடுவார்கள் என்றாராம். அதைக் கேட்டதும் எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது, எங்கள் பிரிவிலும் அதே சட்டம்தான். அங்கே சின்ன விமான நிலையங்களில் கோபுரத்தில் உட்கார்ந்து கட்டளையிட யாருமே இல்லையாம், விமானிகள் ரேடியோவில் தாங்களே சொல்லிக்கொண்டு வரிசையாக இறங்குகிறார்களாம். குஷாய்குடா முக்கில் போலீஸ்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். லைசென்ஸ் பரீட்சையில், வானத்தில் வைத்துப் பரீட்சகர் திடீரென்று இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிட்டு, இப்போது இன்ஜின் போய்விட்டது என்றபோது, உன் வாய் தானாக "மூக்கைத் தாழ்த்து" என்று தமிழில் முணுமுணுத்தது என்றாயே, அன்றைக்கு நான் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த லைசென்ஸில் பாதி என் அடுப்படியில் தயாரானது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். உன்னைப் பார்க்க நாங்கள் அரிசோனா வந்திருந்தோம். வந்ததே அதற்குத்தான், மற்றதெல்லாம் சாக்கு. அப்பா கோட்டி பஜாரில் பேரம் பேசி வாங்கிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நான் விடிவதற்கு முன்பே எழுந்து புளிசாதம் கிளறினேன். பறந்துவிட்டு வந்து அந்த வேலி ஓரத்து மரத்தடியில் சாப்பிடுவதாகத் திட்டம். நாம் போய்ச் சேர்ந்தபோது ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பத்தில் கட்டிய, காற்றைக் காட்டும் அந்தத் துணிப் பை விறைத்துக்கொண்டு நின்றது. நீ போனில் காற்றின் வேகத்தைப் பார்த்தாய், பையைப் பார்த்தாய். பிறகு இன்றைக்கு வேண்டாம் என்றாய். சட்டப்படி போகலாமா என்று கேட்டேன். போகலாம் என்றாய். அந்த விமானம் இந்தக் காற்றைத் தாங்குமா என்றேன். தாங்கும் என்றாய். ஆனால் லைசென்ஸ் வாங்கியதும் ஆசிரியையோடு உட்கார்ந்து உனக்கு நீயே ஓர் எல்லை வகுத்துக்கொண்டதாகவும், இந்தக் காற்று அதைத் தாண்டிவிட்டதாகவும் சொன்னாய்.

அந்த நேரம் பார்த்தா பக்கத்து விமானத்துக்காரன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்? நம் கண் முன்னாலேயே கொஞ்சம் தள்ளாடி மேலே போனான். அவ்வளவுதான், எனக்குள் இருந்த பரிசோதகர் எங்கே போனாரோ தெரியவில்லை. "அவன் போறான் பாரு. அவன் கையில இருக்கறதும் அதே லைசென்ஸ்தானே?" என்றேன். நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறோம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், ஒரே ஒரு சுற்று போதும் என்றேன். அப்போதும் நீ அசையவில்லை. அப்புறம் சொன்னேன் பார், அதை எழுதவே கை கூசுகிறது. "ஒரு பேப்பர் எழுதி வாங்கின லைசென்ஸ் இவ்ளோதான். ஒம்பது பேப்பர் எழுதியிருந்தா தைரியம் வந்திருக்கும்."

உன் முகம் சின்னதாகிப் போனது. "நீ என்ன வேணா சொல்லிக்கோம்மா. நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, காற்றில் நகராமல் விமானத்தைக் கயிற்றில் கட்டிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாய். நானும் அப்பாவும் காரில் வந்து உட்கார்ந்தோம். நீ அறியாத பகுதி இதுதான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். தூரத்தில் நீ குனிந்து முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏமாற்றம் அவருக்கு என்னைவிட அதிகம், அது எனக்குத் தெரியும். அப்புறம் சிரித்தார். "வேலை பார்த்த காலம் பூரா உன் மேஜை முன்னாடி நின்னு கன்செஷன் கேட்டேன். ஒரு தடவ கூட நீ தரல. இன்னிக்கு நீ கேட்ட, அவ தரல. இவ என் பொண்ணோன்னு கொஞ்சம் நம்பிக்கிட்டிருந்தேன். நக்கோ, முழுசா உன் பொண்ணு மேடம்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மேடத்தில் கோபம் இல்லை. நான் அழுதுவிட்டேன். நீ வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புளிசாதத்தை யாரும் தொடவில்லை, சாயங்காலம் அதை எடுத்துக் கொட்டினேன்.

அன்றே உன்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வீம்பு. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டது, ஊருக்கு வந்து சொல்லலாம் என்று விட்டது, அப்படியே போய்விட்டது. அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. வாக்கரைப் பிடித்து வாசல் வரை நடக்கிறார். உன் விமானத்தில் ஏற வேண்டுமென்றால் இறக்கைமேல் கால் வைத்து ஏற வேண்டும், அது இனி அவரால் ஆகாது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நீ பறப்பதை விட்டுவிட்டாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓர் ஆசிரியரோடு பறந்து காட்ட வேண்டுமாமே, அதையும் செய்யவில்லை. அன்றைக்கு நான் விமானத்தை எடுத்திருந்தால் அப்பா ஒரு தடவையாவது பறந்திருப்பார் என்று நீ உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். நான் சொன்ன அந்த ஒன்பது பேப்பர் பேச்சும் அதோடு சேர்ந்து உன்னைக் குத்துகிறது.

நான் யோசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லா நாடும் கிட்டத்தட்ட ஒரே அடித்தளத்தை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே தங்கள் தங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி கட்டுகின்றன. ஒருவர் எழுதச் சொல்கிறார், ஒருவர் பேசச் சொல்கிறார், ஒருவர் சுழன்று விழச் சொல்கிறார். எங்கள் பிரிவில் வெளிநாட்டு முத்திரையோடு வந்த பாகமும் பார்த்திருக்கிறேன், நாச்சாரத்து முத்திரையோடு வந்ததும் பார்த்திருக்கிறேன். முத்திரையை வைத்து நான் எதையும் உள்ளே விட்டதில்லை, சூட்டுப் பெட்டியில் வைத்துத்தான் பார்ப்பேன். ஆனால் சொந்த மகள் விஷயத்தில் முத்திரையைத்தான் பார்த்தேன். பெற்ற அம்மா பக்கத்தில் நின்று குத்திக்காட்டும்போது முடியாது என்று சொல்கிறாளா என்று எந்த நாட்டிலும் ஒரு தாள் கிடையாது பவி. அந்தப் பரீட்சையை நான்தான் உனக்கு வைத்தேன், தெரியாமல் வைத்தேன். நீ தேறினாய். அந்தப் பக்கத்து விமானத்துக்காரன் பத்திரமாகப் போய்விட்டுத்தான் வந்தான், அதனால் நீ சொன்னது தப்பு என்று ஆகாது. நீ சொன்னது சரியென்று உனக்கு யாரும் ரசீது தரப் போவதும் இல்லை. அது இல்லாமல் வாழப் பழகிக்கொள்ள வேண்டும். எனக்குப் பழகியது, உனக்கும் பழகும். அந்தப் பேச்சுக்கு என்னை மன்னித்துவிடு.

அதனால் இங்கே வந்ததும் லைசென்ஸை மாற்றுகிற வேலையைப் பார். விமானச் சட்டத் தாளை இங்கே எழுத வேண்டுமாம், மருத்துவப் பரிசோதனை உண்டாம், ரேடியோவுக்குத் தனிப் பரீட்சையாம். விசாரித்து வைத்திருக்கிறேன். எழுது. கரண்டியும் குக்கரும் தயாராக இருக்கின்றன. எவ்வளவு மாதம் ஆனாலும் ஆகட்டும். முதலில் உன் பக்கத்தில் நான் உட்காருகிறேன். எனக்குப் பயம்தான், முகத்தில் காட்ட மாட்டேன், காட்டினாலும் நீ திரும்பிப் பார்க்காதே. அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாழ்நாள் முழுக்கச் சரக்கை ஏற்றி அனுப்பியவர், இந்தத் தடவை நம்மை அனுப்பட்டும்.

இப்போது அவர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். வார்த்தைகள் இப்போதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன, உன் தமிழ்ப் படிப்பு மாதிரி. கொஞ்ச நேரம் தேடினார். அப்புறம், "அன்னிக்கும் காத்து அடிச்சா... வேணாம்னே சொல்லச் சொல்லு. இன்னொரு நாள் வரலாம்" என்றார். அதையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

நான் புளிசாதம் கட்டிக்கொண்டு வருவேன். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இந்தத் தடவை மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புகிறோம்.

அம்மா